மிதியின்மேல் இல்லாத கால்

மோட்டார் பட்டறைக்கு எவரும் பழுதான வண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை. குற்றவாளி இன்னார் என்று தீர்ப்பெழுதிவிட்டு, வண்டியை அதற்குச் சாட்சியாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள். இத்தொழிலில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கையில் கிரீஸும் காதில் பிறர் வழக்குமாக நீங்களும் நின்றிருப்பீர்கள்.

என் கணவர் சேலத்தில் ஓமலூர் ரோட்டோரம் பட்டறை வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் இறுதியில் அவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது, பட்டறையை விற்பதா, குத்தகைக்கு விடுவதா என்று உறவினர்கள் கூடிப் பேசினார்கள். சென்னையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவள் நான். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பட்டறைக்குச் சென்று அவருடைய நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். அந்த நாற்காலியிலிருந்து கண்டவை பல. இங்கே எழுதுவன அனைத்தும் ஒரே காரைப் பற்றியவை.

மாடு இழுத்து வந்த கார்

கார்த்திகை மாதத்தில் ஒரு முற்பகல். வெண்ணந்தூர் நூல் வியாபாரி அர்த்தநாரி தம் புதுச் சீமைக் காரில் பட்டறைக்குள் வந்து இறங்கினார். காரை இழுத்துவந்த மாடுகளை அவிழ்த்துவிட்ட பிறகே இறங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் இரைகிறது, வண்டி நகர்வதில்லை, கருகல் நாற்றம் அடிக்கிறது என்றார். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுப்பதும் தடுப்பதும் கிளட்ச். அதன் பிளேட் இறுகப் பிடிக்காமல் வழுக்கினால் உராய்ந்து கருகும். இராசிபுரத்தில் வேறொரு பட்டறையில் புதுப் பிளேட் போட்டிருக்கிறார்கள். அதுவும் கருகிவிட்டது.

"வண்டியில ஒரு குத்தமும் இல்லீங்கம்மா. குத்தமெல்லாம் இவன் கால்லதான்" என்று அர்த்தநாரி தம் டிரைவரைக் காட்டினார். "டிரைவர் ஆவறதுக்கு முன்னாடி இந்தச் செங்கோடன் எங்களுக்குத் தறி ஓட்டுனவனுங்க. தறிக்குழியில உக்காந்து பழகுன காலு, மிதியை விட்டு எந்திரிக்கவே எந்திரிக்காது. கிளட்சு மேலயே வெச்சுட்டு ஓட்டறான். நீங்க புதுப் பிளேட்டு போடுங்க. மறுபடியும் கருகுச்சுன்னா இவன் தறிக்கே போயிரட்டும், நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

குற்றச்சாட்டு அறிவற்றதன்று. கிளட்ச் மிதியில் காலை ஊன்றியபடியே ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் வண்டியில் பிளேட் இப்படித்தான் கருகும். அர்த்தநாரி பஸ் ஏறிப் போனபின், செங்கோடனிடம் உண்மையைச் சொல்லும்படி கேட்டேன். நாற்பதை நெருங்கும் மனிதர். தம் இடக்காலையே பிறர் கால்போலப் பார்த்தவாறு நின்றார். கடைசியில் அவர் சொன்னது என் கேள்விக்குப் பதிலன்று.

"ஊட்டுல இருந்த தறிக்குழியை மண்ணு போட்டு மூடி மெழுகிட்டேனுங்கம்மா. அந்த எடத்துலதான் எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கா. தறிக்குப் போன்னா நான் எங்கீங்க போய் உக்காருவேன்?"

வெயிலில் கெடும் கால்

எங்கள் மேஸ்திரி பொன்னுசாமி கைத்திறத்தில் குறை சொல்ல முடியாதவர். தீர்ப்புச் சொல்வதில் மட்டும் அவசரக்காரர். கிளட்சைக் கழற்றிக் கருகிய பிளேட்டைக் கையில் எடுத்ததுமே, "கால்தானுங்கம்மா" என்று முடித்துவிட்டார். லாரிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துக் கண்ணேறு என்றார். முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டால் பிளேட் தப்பும் என்றும் சொன்னார். நான் செங்கோடனை மீண்டும் அழைத்தேன்.

வண்டி எந்நேரமும் வழுக்குகிறதா என்று கேட்டேன். காலையில் ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஒழுங்காக இழுக்கும் என்றார். வெயிலேறி, எஞ்சின் சூடாகி, சில ஊர்களைத் தாண்டியபின் இரையத் தொடங்குமாம். மரத்தடியில் நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் இழுக்குமாம். இதை முதலாளியிடம் சொன்னீர்களா என்றேன். சொல்லியிருக்கிறார். சாக்கு என்று அவர் தள்ளிவிட்டிருக்கிறார்.

நான் மேஸ்திரியிடம் திரும்பி, குளிரில் ஒழுங்காகவும் சூட்டில் ஒழுங்கீனமாகவும் நடக்கிற கால் எது என்று கேட்டேன். கெட்ட பழக்கம் காலை, மாலை பார்த்து வருவதில்லை. தோற்றுப்போக மேஸ்திரிக்கு மனமில்லை.

"காலும் மனுசன் காலுதானுங்களே. வெயில் ஏற ஏற அதுக்கும் சலிப்பு வருமில்லீங்களா?"

சீட்டின்மேல் ஒரு சம்மணம்

புதுப் பிளேட் போட்டாயிற்று. அதை அப்படியே வெண்ணந்தூருக்கு அனுப்பியிருந்தால் மறுபடியும் கருகியிருக்கும். செங்கோடனும் வேலையை இழந்திருப்பார். ஆகவே, வண்டியை ஏற்காட்டு மலைப்பாதையில் ஏற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். செங்கோடன் ஓட்டினார். பக்கத்தில் மேஸ்திரி, பின்னால் நான். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை அடிவாரத்துச் சாலைகளில் சுற்றிவிட்டு மலையில் திருப்பினோம். இரண்டாம் கியரில் ஏறத் தொடங்கியதும், "இடக்காலை எடுத்துச் சீட்டின்மேல் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"சீட்டு மேலயாங்க? முதலாளி சீட்டுங்க" என்று தயங்கினார். வைக்கச் சொன்னேன். பாதிச் சம்மணமிட்டுக்கொண்டு மலையேறும் டிரைவரை, எதிரே இறங்கிவந்த காப்பித் தோட்டத்து லாரிக்காரர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரியோ சாலையைப் பார்க்கவில்லை. அந்தப் பாதத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் வளைவைத் தாண்டினோம். எஞ்சின் ஓலமிட்டது. வேகம் குறைந்தது. கருகல் நாற்றம் வந்தது. செங்கோடன் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்த, மேஸ்திரி கீழே குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் வழியே உள்ளே குனிந்து, மடித்திருந்த காலை ஒருமுறையும் ஆளற்ற மிதியை ஒருமுறையும் பார்த்தார்.

"காலு இங்க மேல இருக்குது, குத்தம் அங்க கீழ நடக்குது. அப்ப மிதிக்கிறது யாருங்கம்மா?"

திரும்ப வழியில்லாத எண்ணெய்

மிதித்தது எண்ணெய். பழைய கார்களில் மிதிக்கும் கிளட்சுக்கும் நடுவே இரும்புக் கம்பி இருக்கும். இந்தப் புதுக் காரில் கம்பி இல்லை. மெல்லிய குழாய் நிறைய எண்ணெய் இருந்தது. மிதித்தால் மேல் சிலிண்டரில் உள்ள எண்ணெய் குழாய்வழியே பாய்ந்து, கீழே கிளட்சை விலக்கும். காலை எடுத்தால் எண்ணெய், மேலே இருக்கும் சின்ன டப்பாவுக்குத் திரும்பும். திரும்பும் துளை அடைபட்டிருந்தால் என்ன ஆகும்? எஞ்சின் சூட்டில் எண்ணெய் விரியும். போக வழியின்றிக் கீழே தள்ளும். கால் வைக்காமலேயே கிளட்ச் பாதி விலகி நிற்கும்.

என் ஊகம் சரியா என்று பார்ப்பதற்கு மலையிலேயே வழி இருந்தது. குழாயின் கீழ்முனையில் காற்றை வெளியேற்றும் திருகு ஒன்று உண்டு. அதைத் தளர்த்தும்படி மேஸ்திரியிடம் சொன்னேன். எண்ணெய் அவர் சட்டையில் பீறிட்டது. திருகை இறுக்கிவிட்டு வண்டியை எடுத்தோம். அடுத்த வளைவுவரை ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. மேஸ்திரி சட்டையைத் துடைக்கக்கூட மறந்து, "வழி விட்டா ஏறுது பாருங்க!" என்று செங்கோடன் முதுகில் தட்டினார். காலையில் குற்றவாளியாக இருந்தவர் அவருக்கு மாலையில் கூட்டாளியாகிவிட்டார்.

பட்டறைக்கு வந்து மேல் சிலிண்டரைப் பிரித்தோம். உள்ளே கிண்ணம் போன்ற ரப்பர் ஒன்று எண்ணெயை அடைத்து நிற்கும். அது ஊறவைத்த உளுந்துபோல உப்பித் துளையை மூடியிருந்தது. எண்ணெயை முகர்ந்தேன். இந்தச் சிலிண்டர்களுக்கு உரிய எண்ணெய் விளக்கெண்ணெயிலிருந்து செய்யப்படுவது, ரப்பருக்குத் தீங்கில்லாதது. இதில் வீசியதோ தையல் மிஷின் வாடை. மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். டப்பாவில் இதை ஊற்றியது யார் என்று செங்கோடனைக் கேட்டேன்.

டப்பாவின் மூடியை எடுத்துத் துடைத்தார். பிறகு, ஆயுத பூஜை அன்று முதலாளி தம் கையால் ஊற்றினார் என்றார். டப்பாவில் ஏற்கெனவே இருந்த எண்ணெய் வேறு நிறமாக இருந்ததைச் செங்கோடன் அப்போதே கவனித்திருக்கிறார். பிளேட் கருகுவதற்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டதே, முதலாளியிடம் சொல்லிவிட்டால் உங்கள் வேலை நிலைக்கும் என்றேன். அவர் முகம் மலர்ந்திருக்க வேண்டும், மாறாக, வெளிறியது.

"சொல்லிப் போடாதீங்கம்மா. பூசையில ஊத்துன எண்ணெய் கெடுதல் பண்ணிப்போட்டுதுன்னு கேட்டா, அந்த மனுசன் வருசம் பூரா சோறு திங்க மாட்டாரு. நல்ல மனுசருங்க. எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல்ல நின்னு பரிமாறுனவரு. என் கால்மேல இருந்த குத்தம் என் கால்மேலயே இருந்துட்டுப் போவட்டும்."

நான் பொய் சொல்வதில்லை என்றேன்.

"பொய் சொல்ல வேண்டாமுங்க. பேசாம இருந்தீங்கன்னாப் போதும்."

விளக்கெண்ணெய்க்கு ஒரு விசாரணை

முதலில் வேலை முடியட்டும் என்றேன். புது ரப்பர்கள் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வந்துவிட்டன. எண்ணெய் டின் வரவில்லை, கையிருப்பு இல்லையாம். யுத்தகாலத்தில் சீமைச் சரக்கு நின்றுபோனபோது பிரேக்குகளுக்காக என் கணவர் கையாண்ட கலவை ஒன்று இருந்தது: சுத்தமான விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும். இந்த ஜில்லாவில் விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. நாட்டு மருந்துக் கடைக்கு மேஸ்திரி பெரிய தூக்குப் போசியை எடுத்துச் சென்றார். கடைக்காரர் போசியைப் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை குழந்தைகளுக்குப் பேதி கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தாராம். காருக்கு என்று மேஸ்திரி சொன்னதை அவர் நம்பவில்லை.

ஸ்பிரிட்தான் சங்கடம். மதுவிலக்கு கடுமையாக நடந்த ஜில்லா இது. பட்டறைக்கு அனுமதிச்சீட்டு உண்டு. ஆனால் வாடைக்கு அனுமதிச்சீட்டு கிடையாது. சிலிண்டர்களை ஸ்பிரிட்டில் கழுவிக்கொண்டிருந்தபோது வாடை ரோடுவரை போயிற்று. அவ்வழியே சென்ற கான்ஸ்டபிள் ஒருவர் உள்ளே வந்தார். தம் கடமையைச் செய்தார். அதில் எனக்குக் குறையில்லை. அனுமதிச்சீட்டைக் காட்டினேன். கலவை இருந்த பாட்டிலைக் காட்டி, இதில் என்ன என்றார். அதையும் காட்டினேன். பாதி விளக்கெண்ணெய் என்றதும் மூடியைத் திறந்து முகர்ந்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். செங்கோடன் அந்த வாரம் முழுவதிலும் சிரித்தது, அப்போது கான்ஸ்டபிள் சொன்னதைக் கேட்டு ஒருமுறைதான்.

"இதைக் குடிச்சவனை நான் தேடிப் புடிக்க வேண்டியதில்லீங்கம்மா. கொல்லைப்பக்கம் போயி நின்னாப் போதும், ஆள் அங்கதான் இருப்பான்."

அர்த்தநாரி கேட்ட கேள்வி

வண்டி தயாரானதும் அர்த்தநாரிக்கு ஆளனுப்பினேன். அவர் தனியாக வரவில்லை. காக்கிச் சட்டை போட்ட வேறொரு டிரைவரை அழைத்துவந்தார். "செங்கோடனுக்குக் கணக்கு முடிச்சுப் போட்டேனுங்கம்மா. சாவியை இவங்கிட்டக் குடுத்துருங்க" என்றார். செங்கோடன் சுவரோரம் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பேசாமல் இருந்தால் போதும் என்று அவர் கேட்டது என் நினைவில் இருந்தது. ஒரு மனிதர் தம் பிழைப்பைத் தாமே கைவிடலாம். அது அவர் உரிமை. பழுதின் காரணத்தைச் சொல்லாமல் வண்டியைத் திருப்பித் தருவதற்கு எனக்கு உரிமை இல்லை. சொல்லாமல் விட்டால், அடுத்த பூஜையில் அதே டப்பா மறுபடியும் நிரம்பும்.

சாவியை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். உப்பிய ரப்பரையும் புது ரப்பரையும் வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாக வைத்தேன். டப்பாவில் எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டேன். அர்த்தநாரியின் முகத்தில் பெருமிதம் தோன்றியது.

"நானேதானுங்க. எங்க ஊட்டு வழக்கம், ஆயுத பூசையன்னிக்கு மூத்தவன் கையாலதான் ஆயுதத்துக்கெல்லாம் எண்ணெய். தறிக்கு விட்டேன், தராசுக்கு விட்டேன், சைக்கிளுக்கு விட்டேன். இந்தக் காருக்கு எங்க விடறதுன்னு தெரியலீங்க. மூடியைத் தூக்கிப் பாத்தா சின்ன டப்பாவுல எண்ணெய் கொறஞ்சு கெடந்துது. வண்டி கேக்குதுன்னு நெனச்சு, நூல் சுத்தற மிஷினு எண்ணெயை விளிம்பு வரைக்கும் ஊத்துனேன்."

அந்த எண்ணெய்தான் இந்த ரப்பரை இப்படி ஆக்கியது என்றேன். மலையில் மடித்து வைத்த காலைப் பற்றியும் சொன்னேன். மேஸ்திரி சாட்சி சொன்னார். கேட்டதற்கு மேலேயே சொன்னார். அர்த்தநாரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். செங்கோடன் அஞ்சிய கேள்வி வந்தது: "பூசையில ஊத்துனது கெடுதலாப் போச்சுங்களா?"

ஆறுதல் சொல்வதில் நான் தேர்ந்தவள் அல்லள். தெரிந்ததைச் சொன்னேன். அதே எண்ணெய் தறியிலும் தராசிலும் சைக்கிளிலும் இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. அது நல்ல எண்ணெய். சின்ன டப்பா அதற்குரிய இடமன்று. பூஜையில்லாத ஒரு சாதாரண நாளில் ஊற்றியிருந்தாலும் ரப்பர் இப்படியேதான் உப்பியிருக்கும். ரப்பருக்கு நாளும் தெரியாது, கோளும் தெரியாது. அவர் அதைத் திரும்பத் திரும்ப மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது. பிறகு எழுந்து, காக்கிச் சட்டைக்காரரிடம், "தம்பி, நீங்க பஸ்ஸுல போயிருங்க. உங்களை வீணா அலைய வெச்சுப் போட்டேன்" என்றார். என் கையிலிருந்து சாவியை வாங்கிச் செங்கோடனிடம் நீட்டினார். குரலில் கோபம் இருந்ததாகத்தான் காட்டிக்கொண்டார்.

"ஏண்டா, நீ எம் பக்கத்துலதானே நின்னுட்டு இருந்தே? நெறம் வேறயா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எம் புத்திக்கு உங் காலை இத்தனை நாள் திட்டிப்போட்டேனே!"

செங்கோடன் சாவியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"கற்பூரம் எரிஞ்சுட்டு இருந்துதுங்க, முதலாளி."

எங்கள் பட்டறைக்கு வந்த வண்டிகளில் ஒரு பாதி தேய்மானத்தால் வந்தவை என்றும், மறுபாதி எவரோ ஒருவர் மரியாதை கருதி வாய் திறவாததால் வந்தவை என்றும் கொண்டால், பின்னதற்கு மாற்றுச் சாமான் எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பதில்லை என்பதே இத்தொழிலில் எனக்கு எஞ்சிய ஒரே குறை.